ஸ்லைகோவா, மேயோவா? அயர்லாந்தின் பழைய பரிஷ் எல்லைகளுக்குள் ஒரு தேடல்

வாசகர் கேள்வி
12 நவம்பர் 2023

அம்மா வழியில் நாங்கள் ஆங்கிலோ-இந்தியர். நான் பொன்மலையில் வளர்ந்தவன். அம்மாவின் கொள்ளுத்தாத்தா 1850களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைக்கு ஆள் சேர்த்தபோது அயர்லாந்திலிருந்து வந்தவர். அவர் படையில் சேர்ந்தபோது எழுதிய தாளின் நகல் இப்போதுதான் லண்டனிலிருந்து கிடைத்தது. பிறந்த இடம் என்ற வரியில் "கில்மோர்மாய் பரிஷ், பல்லினா ஊருக்கு அருகே, ஸ்லைகோ கவுண்டி" என்று இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் பல்லினா மேயோ கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. ஸ்லைகோ எல்லை அதற்கும் கிழக்கே. எழுதிய குமாஸ்தா தப்பு செய்தாரா, இல்லை கிழவர்தான் ஏதோ காரணத்துக்காக ஊரை மாற்றிச் சொன்னாரா? ஸ்லைகோ என்ற சொல்லைத் தள்ளிவிட்டு மேயோவில் மட்டும் தேடலாம் என்று நினைக்கிறேன். அயர்லாந்தில் இருக்கும் அக்கா யாராவது சொல்லுங்கள்.

12 நவம்பர் 2023, இரவு

அயர்லாந்தில் இருக்கும் நான் சொல்கிறேன், தள்ளாதீர்கள். குமாஸ்தாவும் தப்பு செய்யவில்லை, கிழவரும் பொய் சொல்லவில்லை. உங்கள் வரைபடமும் சரிதான்.

பல்லினா ஊருக்கு நடுவே மாய் என்று ஒரு ஆறு ஓடுகிறது. மேற்குக் கரையில் பல்லினா, கிழக்குக் கரையில் ஆர்ட்னரீ. இன்றைக்குப் பாலத்தில் நடந்து போனால் எல்லாம் ஒரே ஊர். ஆனால் 1898 வரை மேற்கே மேயோ, கிழக்கே ஸ்லைகோ. அந்த வருஷத்து உள்ளாட்சிச் சட்டத்தை ஒட்டித்தான் ஆர்ட்னரீயை எடுத்து மேயோவில் சேர்த்தார்கள். கில்மோர்மாய் பரிஷ் ஆற்றின் இரண்டு பக்கமும் பரந்து கிடப்பது, ஆகவே அது பாதி மேயோ, பாதி ஸ்லைகோ. பல்லினாவின் கத்தோலிக்கக் கதீட்ரலே கிழக்குக் கரையில்தான் இருக்கிறது. உங்கள் கிழவர் காலத்தில் பல்லினாக்காரர் கதீட்ரலுக்குப் போக வேண்டுமானால் பாலம் தாண்டி வேறு கவுண்டிக்குப் போனார்.

13 நவம்பர் 2023

காலையில் மறுபடி படித்தேன். "பரிஷ்" என்று அலட்சியமாக எழுதிவிட்டேன். எந்தப் பரிஷ்? இதுதான் எல்லாரும் வழுக்கி விழும் இடம், நானும் விழுந்தவள்தான்.

நம் ஊரை வைத்தே சொல்கிறேன். ஒரே தெருவில் இருக்கும் மூன்று வீட்டைப் பாருங்கள். கத்தோலிக்கர் தன் பங்கின் பெயரைச் சொல்வார். சி.எஸ்.ஐ.காரர் தன் சேகரத்தைச் சொல்வார். வி.ஏ.ஓ. ஆபீஸில் கேட்டால் வருவாய் கிராமத்தின் பெயரைச் சொல்வார்கள். மூன்றுக்கும் எல்லை வேறு, யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் நமக்கு மூன்று சொல் இருக்கிறது. அயர்லாந்தில் இந்த மூன்றுக்கும் ஒரே சொல்தான், பரிஷ்.

முதலாவது சிவில் பரிஷ். நிலவரி, நில அளவை, மக்கள்தொகைக் கணக்கு எல்லாம் இதன்படி. மொத்தம் சுமார் 2,500. இதன் எல்லை பெரும்பாலும் இடைக்காலத் திருச்சபைப் பரிஷின் எல்லைதான்.

இரண்டாவது அயர்லாந்துத் திருச்சபையின் பரிஷ், அதாவது ஆங்கிலிக்கர்களுடையது. சீர்திருத்தத்தின்போது பழைய கோவில்களும் அவற்றின் எல்லைகளும் இவர்கள் கைக்குப் போயின. ஆகவே இதுவும் சிவில் பரிஷும் ஒன்றே.

மூன்றாவது கத்தோலிக்கப் பங்கு. கோவிலும் நிலமும் பறிபோய், கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்களுக்குக் கீழே நூறு வருஷத்துக்கு மேல் தட்டுத்தடுமாறி, பிறகு மீண்டும் ஒழுங்கானபோது கத்தோலிக்கர் பழைய எல்லையைப் பார்க்கவில்லை. எங்கே ஜனம் இருக்கிறது, எங்கே ஒரு குருவானவருக்குச் சாப்பாடு போட முடியும் என்று பார்த்தார்கள். இரண்டு மூன்று சிவில் பரிஷைச் சேர்த்து ஒரு பங்கு, ஒரு சிவில் பரிஷையே பிய்த்து இரண்டு பங்கு, பெயரும் வேறு. ஜனத்தொகையில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பதால் நீங்கள் தேடும் ஞானஸ்நானப் பதிவு இந்த மூன்றாவது வகையில்தான் இருக்கும். நிலப்பதிவோ முதல் வகையில்.

உங்களுக்கு அதிர்ஷ்டம், கில்மோர்மாயில் சிவில் பரிஷுக்கும் கத்தோலிக்கப் பங்குக்கும் ஒரே பெயர். அதிர்ஷ்டமா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தால் எல்லையும் ஒன்று என்று நம்பிவிடுவோம்.

13 நவம்பர் 2023, மதியம்

மேலே "ஒன்றே" என்று எழுதியதை "பெரும்பாலும் ஒன்றே" என்று திருத்திப் படியுங்கள். ஆங்கிலிக்கர் ஆள் குறைந்த இடங்களில் நாலைந்து பரிஷைச் சேர்த்து ஒரே குருவிடம் ஒப்படைத்தார்கள். அப்போது பதிவேடு அந்தத் தொகுப்பின் பெயரில் இருக்கும். 1869 சட்டத்தின்படி 1871 ஜனவரி 1 முதல் அந்தச் சபை அரசுச் சபையாக இருப்பது நின்றது. அதன் பிறகு தங்கள் எல்லையை அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

19 நவம்பர் 2023

பொன்மலைக்காரர் தனிமடலில் கேட்டது: "டவுன்லேண்ட் என்றால் டவுனா?"

இல்லவே இல்லை. பெயரில்தான் டவுன். ஆள் நடமாட்டமே இல்லாத மலைச்சரிவுகூட டவுன்லேண்டாக இருக்கும். அதுதான் அயர்லாந்தின் கடைசிப் பிரிவு. நாட்டில் அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, சராசரி முந்நூறு ஏக்கர் சொச்சம். ஆனால் சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு ஏக்கர்கூடத் தேறாததும் உண்டு, மேயோவின் எரிஸ் பகுதியில் ஷெஸ்கின் என்று ஏழாயிரம் ஏக்கருக்கு ஒன்றும் உண்டு. ஷெஸ்கின் என்றால் சதுப்பு. ஏழாயிரம் ஏக்கரும் ஏன் ஒன்றாகக் கிடக்கிறது என்பது பெயரிலேயே தெரிகிறது.

அடுக்கு இப்படிப் போகும். டவுன்லேண்டுகள் சேர்ந்து சிவில் பரிஷ், பரிஷ்கள் சேர்ந்து பேரனி (நம் தாலுகா மாதிரி, ஆனால் இப்போது வழக்கொழிந்தது), பேரனிகள் சேர்ந்து கவுண்டி. இது படிக்கட்டு மாதிரி ஒழுங்காகத் தெரியும். அப்படி நம்பினால் கெட்டீர்கள். ஒரு பரிஷ் இரண்டு பேரனியில் கால் வைத்திருக்கும். உங்களுடையது மாதிரி இரண்டு கவுண்டியிலும் கால் வைத்திருக்கும். ஒரு பரிஷின் துண்டு மட்டும் தனியாகப் பிரிந்து அடுத்த பரிஷுக்கு நடுவே தீவு மாதிரி கிடப்பதும் உண்டு.

இதற்கு மேல் 1838 சட்டத்தின்படி ஏழைகளைக் காப்பாற்ற என்று பூர் லா யூனியன்கள் வந்தன. ஒரு சந்தை ஊரை நடுவில் வைத்து, அங்கே ஒரு ஏழையர் விடுதி கட்டி, சுற்றுவட்டாரத்தைச் சேர்த்தார்கள். கவுண்டி எல்லையை அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. 1864க்குப் பிறகு எல்லாருடைய பிறப்பு, இறப்பு, திருமணமும் அரசுப் பதிவுக்கு வந்தபோது இந்த யூனியனையே பதிவு மாவட்டமாக வைத்துக்கொண்டார்கள். பல்லினா யூனியனுக்குள் மேயோவும் உண்டு, ஸ்லைகோவும் உண்டு. பதிவில் "பல்லினா" என்று கண்டால் ஊர் என்று எண்ணாதீர்கள், அது யூனியன்.

2 டிசம்பர் 2023

என் கதையைச் சொல்லாமல் பெரிய வாத்தியார் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பாஸ்டனில் பிறந்தவர். நாங்கள் வேலைக்காகக் கால்வே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வந்த புதிதில் மாமியார் போனில் ஒரே வேலைதான் கொடுத்தார்: "அங்கேதானே இருக்கிறாய், அங்கிருந்து பாஸ்டனுக்கு வந்த எங்கள் ஆளைக் கண்டுபிடி." கையில் இருந்த தடயம் இரண்டு. பாஸ்டன் கல்லறைக் கல்லில் "மேயோ கவுண்டி கில்கோல்மன் பரிஷைச் சேர்ந்தவர்" என்ற வரி. அப்புறம் வீட்டில் வழிவழியாக வந்த ஒரு பேச்சு, "கிழவர் ஒவ்வொரு சந்தைக்கும் பல்லாவுக்கு நடந்தே போவார்."

குடும்பப் பெயரை எழுத மாட்டேன். மேயோவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் அந்தப் பெயர்க்காரர் ஒருவர் தலையில்தான் விழும்.

கில்கோல்மன் எங்கே என்று பார்த்தேன். கிளாரமோரிஸ் ஊர் இருக்கும் சிவில் பரிஷ், கிளான்மோரிஸ் பேரனி. பல்லா எங்கே என்று பார்த்தேன். அதே பேரனியில், கிளாரமோரிஸிலிருந்து நடக்கும் தூரத்தில் பல்லா என்றே ஒரு ஊர். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! டூம் மறைமாவட்டம், கில்கோல்மன் பங்கு, தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாகப் போட்ட பதிவேட்டுப் படங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, டீ ஆறி ஆடை படியும்வரை, மங்கிப்போன லத்தீன் கையெழுத்து. யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம், ஹோனோரா என்றால் வீட்டில் நோரா. இரண்டு வருஷம். அந்தப் பெயரில் பதினோரு ஜேம்ஸ் கிடைத்தார்கள். ஒருவருக்கும் தாய் பெயர் பொருந்தவில்லை.

2 டிசம்பர் 2023, சற்று நேரம் கழித்து

சாதம் வைக்கப் போனதால் பாதியில் நிறுத்தினேன்.

வேலை இடத்தில் ஒரு பெரியவர், மேயோக்காரர். அவரிடம் புலம்பினேன், பல்லா பக்கம் இருந்து வந்தவர்கள், அகப்படவே இல்லை என்று. அவர் கேட்டார்: "பல்லாவா, பல்லஹ்-வா?" எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அப்போதும் ஒரே மாதிரிதான். அவர் சிரித்துவிட்டு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். பல்லஹடெரீன் என்ற ஊரை அந்தப் பக்கத்து ஜனங்கள் வாய்க்குச் சுளுவாகப் பல்லஹ் என்றுதான் சொல்வார்களாம்.

பல்லஹடெரீன் எந்தச் சிவில் பரிஷில் இருக்கிறது தெரியுமா? கில்கோல்மன். மேயோவுக்குள்ளேயே இரண்டாவது கில்கோல்மன், கோஸ்டெல்லோ பேரனியில். முதலாவதிலிருந்து காரில் போனால் நாற்பது கிலோமீட்டர் அளவு. மறைமாவட்டமும் வேறு, டூம் இல்லை, அகோன்ரி. பங்கின் பெயர் காஸில்மோர் அண்ட் கில்கோல்மன்.

மூன்றாம் நாள் ராத்திரி கிடைத்துவிட்டார். தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், இரண்டு ஞானப்பெற்றோர், எல்லாம். நான் சத்தம் போட்டதில் வீட்டுக்காரர் எழுந்து வந்து திருடனா என்று கேட்டார்.

பேரனி என்று ஒன்று இருப்பதே அதுவரை எனக்கு அலட்சியம். இப்போது பரிஷ் பெயரோடு பேரனியையும் சேர்த்து எழுதாத யாரையும் நம்புவதில்லை.

3 டிசம்பர் 2023

ஒரே கவுண்டியில் ஒரே பெயர் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கில் என்பது ஐரிஷில் கில்ல், சிறு கோவில். கில்கோல்மன் என்றால் கோல்மன் கோவில். கோல்மன் என்ற பெயரில் பழைய அயர்லாந்தில் ஏகப்பட்ட துறவிகள். நம்மூரில் அந்தோணியார்புரம் எத்தனை என்று எண்ணுங்கள். எல்லாக் கில்லும் கோவில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், காடு என்ற பொருளில் வரும் கொயில் என்ற சொல்லும் ஆங்கில எழுத்தில் கில் ஆகிவிட்டது. எது எது என்பதை லொகானிம் என்ற அரசு இடப்பெயர்த் தளம் சொல்லும்.

9 ஜனவரி 2024

"1922இல் எல்லாம் எரிந்துவிட்டதே, எதைத் தேடுகிறீர்கள்?" என்று ஒருவர் கேலியாகப் போட்டிருந்தார். அவசரத்தில் நானும் "ஆமாம், பழைய சென்சஸ் எல்லாம் அப்போதுதான் எரிந்தது" என்று பதில் போட்டேன். அது பாதி உண்மை. அந்தப் பதிலை எடுத்துவிட்டேன்.

1922 ஜூன் 30, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரின் தொடக்கச் சண்டையில் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 கணக்கெடுப்புத் தாள்களில் சில துண்டுகள் தவிர மற்றதெல்லாம் அங்கே போயின. அங்கே கொண்டுபோய் வைத்திருந்த ஆங்கிலிக்கப் பதிவேடுகளும் போயின. ஆனால் 1861, 1871 தாள்களை அரசே அதற்கு முன்னால் அழித்துவிட்டது. 1881, 1891 தாள்களை முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாக்கிவிட்டார்கள். தீயின் மேல் பழியைப் போட்டுவிட்டு குமாஸ்தாக்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

கத்தோலிக்கப் பதிவேடுகள் அங்கே இல்லை, பங்குகளிலேயே இருந்தன. அரசு அவற்றை மதிக்காததே அவற்றைக் காப்பாற்றியது. 1901, 1911 கணக்கெடுப்பு முழுசாக இருக்கிறது, தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம்.

27 ஜனவரி 2024

சென்சஸ் போனதால் இரண்டு நிலப்பதிவுகள்தான் நமக்கு அடங்கலும் சிட்டாவும். 1823 முதல் 1830களின் பிற்பகுதி வரை எழுதிய தசமபாக வரிப் புத்தகங்கள், அப்புறம் ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை வெளிவந்த நில மதிப்பீடு. இரண்டும் சிவில் பரிஷ் வாரியாக. கத்தோலிக்கர் தன் கோவிலுக்கு இல்லாமல் ஆங்கிலிக்கக் கோவிலுக்குக் கட்டிய தசமபாகம் அது, வயிற்றெரிச்சலோடு கட்டியது.

இங்கேயும் நான் அசடு வழிந்தேன். வரிப் புத்தகத்தில் எங்கள் ஆளின் தகப்பனுக்கு ஐந்து ஏக்கர். கிரிஃபித்தில் அதே டவுன்லேண்டில் மகனுக்கு எட்டு ஏக்கர் சொச்சம். நடுவே பெரும் பஞ்சம். பஞ்சத்திலும் குடும்பம் நிலம் வாங்கியிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் செத்தோ கப்பலேறியோ போனதும் அவன் நிலத்தை வளைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று மாமியாரிடம் சொல்லிவைத்தேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, வரிப் புத்தகத்தில் பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர், கிரிஃபித்தில் அரசு ஏக்கர். ஒரு ஐரிஷ் ஏக்கர் என்றால் 1.62 அரசு ஏக்கர். ஐந்தை அதால் பெருக்கிப் பாருங்கள். ஒரு அடி நிலம்கூடக் கூடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "நல்லது, நாங்கள் திருடர்கள் இல்லை" என்றார்.

10 பிப்ரவரி 2024

போன மாதம் வேறொருவருக்குப் பதில் சொல்லும்போது "கவுண்டி மாறும், பரிஷ் மாறும், டவுன்லேண்ட் மட்டும் மாறவே மாறாது" என்று வசனம் பேசியிருக்கிறேன். இப்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

1820களின் நடுவில் அரசு நாடு முழுவதையும் ஆறு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் அளந்து வரைபடம் போடத் தொடங்கியது, 1846இல் முடித்தது. அளக்கும் முன்னால் எல்லை எது என்று தெரிய வேண்டுமே. அதற்கென்று ஒரு எல்லை அளவை, அதற்கும் தலைவர் இதே கிரிஃபித்தான். ஒவ்வொரு இடத்திலும் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள், மியர்ஸ்மேன் என்று பெயர். நம் தலையாரி சர்வேயருக்கு எல்லைக்கல்லைக் காட்டிக்கொண்டே முன்னால் நடப்பது மாதிரிதான். இந்த ஓடையிலிருந்து அந்த முள்வேலி, அங்கிருந்து அந்தக் கல் வரை என்று அவர் காட்டினார், இவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் சின்னச் சின்னத் துண்டுகள் பெரிய டவுன்லேண்டுக்குள் கரைந்தன. ஜனங்கள் வாயில் இருந்த பல பெயர்கள் வரைபடத்தில் ஏறவில்லை. ஏறிய பெயர்களுக்கும் ஆங்கில எழுத்தில் ஒரே வடிவம் வைத்துவிட்டார்கள். அதனால் 1830களுக்கு முந்தைய பதிவில் ஒரு டவுன்லேண்ட் பெயர் கிடைத்து, இன்றைய பட்டியலில் அது இல்லையென்றால் எழுத்துப்பிழை என்று தூக்கிப் போடாதீர்கள். அது கரைந்துபோன பெயராக இருக்கலாம். அந்த அளவையின்போது ஜான் ஓ'டோனவன் கவுண்டி கவுண்டியாக நடந்து பெயர்களை விசாரித்து எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, அவற்றில் அகப்படும்.

சரி, அளவைக்குப் பிறகு டவுன்லேண்ட் பெரும்பாலும் அசையவில்லை என்று திருத்தி வைத்துக்கொள்வோம்.

11 பிப்ரவரி 2024

மியரிங் என்ற சொல் இன்னும் வழக்கில் இருக்கிறது. கோஸ்டெல்லோ பேரனியில் நாங்கள் போய்ப் பார்த்த அந்த டவுன்லேண்டில் ஒரு விவசாயியிடம் எல்லை எது என்று கேட்டேன். ரப்பர் பூட்ஸ் முனையால் ஒரு வாய்க்காலைத் தொட்டு "இதுதான் மியரிங்" என்றார். ஒரு தாவு தாவினால் தாண்டிவிடலாம். உள்ளே கால்வாசித் தண்ணீர், இரண்டு பிளாஸ்டிக் தீவனப் பை, ஓரத்தில் ஹாதார்ன் முள்மரம். இதைத்தான் நான் திரையில் சிவப்புக் கோடாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது. வரப்பைப் பார்த்த மாதிரி இருந்தது.

16 மார்ச் 2024

பொன்மலைக்காரர் கேட்டது: கிழவரின் பெற்றோர் திருமணம் கில்மோர்மாயில் இல்லையே?

திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில்தான் நடக்கும். முதல் குழந்தையின் ஞானஸ்நானமும் பல சமயம் அங்கேதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் தேடும் பங்கைச் சுற்றி இருக்கும் பங்குகளை ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், அடுத்த மறைமாவட்டமாக இருந்தாலும் சரி. எல்லை ஓரத்து ஜனம் பக்கத்தில் எந்தக் கோவில் இருக்கிறதோ அங்கே போய்விடும்.

பெயர் வைக்கும் வழக்கமும் நம்மதுதான் கிட்டத்தட்ட. முதல் மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர் என்று பல வீடுகளில். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. இதில் ஒரு தொல்லை, நாலு அண்ணன் தம்பிகள் இருந்தால் நாலு வீட்டிலும் தாத்தா பெயரில் ஒரு பையன். ஒரே பங்கில், ஒரே வயதில், ஒரே பெயரில் நாலு பேர். பிரித்துக் காட்டுவது டவுன்லேண்ட் மட்டுமே.

17 மார்ச் 2024

செயின்ட் பேட்ரிக் நாள். ஊரே பச்சையாக இருக்கிறது, வேலைக்குப் போவதும் நான் மட்டும்தான்.

பஸ்ஸில் யோசித்தது. பல்லஹடெரீனும் 1898இல் கவுண்டி மாறிய ஊர்தான், மேயோவிலிருந்து ராஸ்காமனுக்கு. அங்கே யூனியன் காஸில்ரே, அது ராஸ்காமன் பக்கம். எங்கள் ஆளின் ஞானஸ்நானம் மேயோவில், அதே வீட்டில் தங்கிவிட்ட தம்பி 1901 கணக்கெடுப்பில் ராஸ்காமனில். வீடு ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் பல்லஹடெரீன் கேலிக் ஃபுட்பால் கிளப் இன்றைக்கும் மேயோவுக்குத்தான் ஆடுகிறது. அங்கே நின்று "ராஸ்காமன்காரரா?" என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். டீக்கடை அமைதியாகிவிட்டது.

5 மே 2024

1901, 1911 தாள்களை எடுக்கும்போது குடும்பத் தாளோடு நிறுத்திவிடாதீர்கள். வீடுகளைப் பட்டியலிடும் பி1 தாள் என்று ஒன்று கூடவே இருக்கும். அதன் தலைப்பிலேயே கவுண்டி, யூனியன், தேர்தல் பிரிவு, டவுன்லேண்ட், பேரனி, பரிஷ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதியிருப்பார்கள். இது தெரிந்திருந்தால் எனக்கு இரண்டு வருஷம் மிஞ்சியிருக்கும். ஏன் எனக்கு யாருமே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள், எல்லா வழிகாட்டியிலும் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

வயதை மட்டும் நம்பாதீர்கள். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. 1901இல் 55 என்று எழுதிய எங்கள் தம்பி 1911இல் 72. பத்து வருஷத்தில் பதினேழு வயது! இவரைப் போல ஆயிரக்கணக்கானவர்கள். வயதுக்குச் சான்று கேட்டபோது அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 தாள்களில் தேடிப் பார்த்து எழுதித் தந்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் இன்றும் இருக்கின்றன. பெற்றோர் பெயர், டவுன்லேண்ட், பரிஷ், பேரனி எல்லாம் அதில் உண்டு. எரிந்துபோன சென்சஸ் ஓய்வூதிய ஆசையால் கொஞ்சம் மிஞ்சியது.

21 ஜூலை 2024

பொன்மலைக்காரர் கில்மோர்மாய் பதிவேட்டில் இரண்டு குழந்தைகளைப் பிடித்துவிட்டார். இரண்டும் ஒரே பெயர், இரண்டு தகப்பனுக்கும் ஒரே பெயர். பதினான்கு மாத இடைவெளி. படைத்தாளில் இருக்கும் வயதுக்கு இரண்டும் பொருந்துகிறது. தாய்மார் மட்டும் வேறு, ஆனால் மதராஸ் பதிவில் தாய் பெயர் எங்குமே இல்லை. நொந்துபோய் எழுதியிருக்கிறார், சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாமா என்று.

இரண்டு பக்கத்தின் படத்தையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் ஓரமாக ஏதாவது கிறுக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

28 ஜூலை 2024

படம் வந்தது. இரண்டிலும் ஊர் எழுதியிருக்கிறது. முதல் குழந்தைக்கு எழுதியிருக்கும் டவுன்லேண்ட் ஆற்றுக்கு மேற்கே, பல்லினா பக்கம். அதை டவுன்லேண்ட் வரைபடத்தில் வைத்துச் சரிபார்த்தேன், கிரிஃபித்திலும் மேயோவில் வருகிறது. இரண்டாவது குழந்தைக்கு மை பரவி முதல் எழுத்தும் நடுவில் ஒரு எழுத்தும் மட்டும் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். அதே பக்கத்தில் நாலு வரி கீழே அதே கை, அதே ஊர், மை பரவாமல் தெளிவாக: ஆர்ட்னரீ.

போன நவம்பரில் நீங்கள் தள்ளிவிடலாம் என்று சொன்ன அந்தச் சொல்லை எடுத்துப் பாருங்கள், ஸ்லைகோ. பல்லினா பக்கத்துப் பையனாக இருந்தால் படையில் சேரும்போது மேயோ என்று சொல்லியிருப்பான். பாலத்துக்குக் கிழக்கே பிறந்தவன்தான் பல்லினா அருகே என்றும் சொல்லி, ஸ்லைகோ என்றும் சொல்வான். இரண்டாவது குழந்தைதான் உங்கள் ஆள் என்று பத்துக்கு ஒன்பது சொல்வேன். மீதி ஒன்றுக்கு, ஆர்ட்னரீ பையனின் ஞானப்பெற்றோர் பெயர்கள் கிரிஃபித்தின் ஸ்லைகோ புத்தகத்தில் அக்கம்பக்கத்தில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மேயோ புத்தகத்தில் தேடாதீர்கள், அதில் கில்மோர்மாயின் மறுபாதிதான் இருக்கும்.

3 ஆகஸ்ட் 2024

ஞானத்தாயின் குடும்பப் பெயர் இருக்கிறது, ஆர்ட்னரீயில், இரண்டு வீடு தள்ளி. ஞானத்தகப்பன் பெயர் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பல்லினா போகிறோம். மாய் ஆற்றில் சால்மன் பிடிப்பதை வேடிக்கை பார்க்க வீட்டுக்காரருக்கு ஒரு சாக்கு. நான் பாலத்தின் கிழக்குக் கோடியில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன், உங்கள் அம்மாவுக்குக் காட்டுங்கள்.